கணினிக்குள் ஒரு கணினி

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. செய்தித்தாளின் ஒரு மூலையில் இடம்பெற்ற இச்செய்தியை நம்மில் பலர் படிக்காமலே கடந்து சென்றிருக்கலாம். ஆனால் காஞ்சிபுரத்தில் எத்தனையோ இல்லங்களில் கூடத்து மேசைமேல் இருப்பது அந்த விண்டோஸ் 10 கணினிதான். பட்டுக் கடையின் வரவு செலவும், சரக்கு சேவை வரிக் கணக்கும், பிள்ளைகளின் பாடமும், பெருநாள் படங்களும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றாலோ, அது டி.பி.எம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. 2017க்கு முன் வந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இதில் தேறா. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை ஓரமாக வைத்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்வார். அவர் தொழில் அது.

லினக்ஸ் என்ற மாற்று இருப்பதை இளைஞர்கள் அறிவார்கள். பெரியவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஓர் அச்சம் மட்டுமே.

அண்மையில் பட்டு வியாபாரம் செய்யும் ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய மகள் கல்லூரியில் கணினிப் பாடத்தில் சேர்ந்திருந்தாள். லினக்ஸ் கட்டளைகளை வீட்டிலும் பழகி வர வேண்டுமென்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். "ஹஜ்ரத், நீங்களாவது இந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். நான்கு வருடக் கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஏதோ ஒன்றைப் போட்டு அத்தனையும் அழிந்துபோனால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றார். உடன் வந்திருந்த மகளோ, "அத்தா, நான் விண்டோஸை எடுக்கப் போவதே இல்லை. அதற்குள்ளேயே வேறொரு கணினியை உண்டாக்கி அதில்தான் லினக்ஸைப் போடப் போகிறேன்" என்றாள். தந்தை என்னைப் பார்த்தார். கணினிக்குள் கணினி என்பது அவருக்குப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும்.

மகள் சொன்னது சரி. தந்தையின் அச்சமும் ஆதாரமற்றதன்று. இவ்விரண்டையும் ஒருசேர விளக்கவே இக்கட்டுரை.

நம் ஊரில் ஜக்கார்டு தறிக்குப் போகும் பேட்டு முதலில் எங்கே பிறக்கிறது? கட்டம் போட்ட தாளில். அந்தத் தாளில் ஒரு கட்டம் பிழைத்தால் அழித்து எழுதலாம். தறியில் ஏறிய பின் பிழைத்தால் பட்டும் சரிகையும் நெசவாளியின் நாட்களும் வீண். ஆகவேதான் தாளில் பார்த்துத் தெளிந்த பிறகே அட்டை குத்துகிறார்கள். மெய்நிகர் இயந்திரம் என்று கணினித் துறையினர் அழைப்பது அந்தக் கட்டத் தாளைப் போன்றது. நம் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுகிறோம். அது தன் ஜன்னலுக்குள் ஒரு முழுக் கணினியின் தோற்றத்தை உண்டாக்குகிறது. அதற்கு நினைவகம் உண்டு, வன்தட்டு உண்டு, இணைய அட்டை உண்டு. ஆனால் அந்த வன்தட்டு உண்மையில் நம் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பு. அதற்குள் நிறுவப்படும் லினக்ஸ், தான் ஒரு தனிக் கணினியில் குடியிருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. சுவருக்கு அப்பால் அத்தாவின் கணக்கு இருப்பது அதற்குத் தெரியாது.

இது நேற்று முளைத்த உத்தியன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. ஒரே பெரிய இயந்திரத்தைப் பலர் தத்தமக்குரிய தனி இயந்திரம் போல் பயன்படுத்துவதே அன்றைய நோக்கம். மேசைக் கணினிக்கு இதை 1999இல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்தது. இப்போது வீடுகளில் பெரிதும் பயன்படும் விர்ச்சுவல்பாக்ஸ் ஜெர்மனியில் தோன்றி, 2008இல் சன் நிறுவனத்திடமும், 2010இல் ஆரக்கிளிடமும் சென்றது. அதன் அடிப்படைப் பகுதி கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்காமல் முறையாகவே பெறலாம். 'விரிவாக்கத் தொகுப்பு' என்று தனியே தரப்படும் கூட்டுப்பொருளுக்கு மட்டும் வேறு உரிமம் உண்டு. சொந்தப் பயன்பாட்டிற்கும் கல்விக்கும் அது இலவசம், வணிகத்திற்கு அன்று. கற்றுக்கொள்ள அது தேவையே இல்லை.

இத்துறையில் நம் கணினியை 'விருந்தோம்புபவர்' என்றும் உள்ளே வந்த இயங்குதளத்தை 'விருந்தாளி' என்றும் சொல்கிறார்கள். எந்த நாட்டுப் பொறியாளர் இந்தப் பெயர்களைச் சூட்டினாரோ, நமக்குப் பொருத்தமாகவே சூட்டியிருக்கிறார். விருந்தாளிக்கு எவ்வளவு படைப்பது என்பதில்தான் முதல் கேள்வியே எழுகிறது.

வீட்டுக் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் விருந்தாளிக்கு 3 அல்லது 4 ஜிபி தரலாம். பாதிக்கு மேல் தந்தால் விருந்தோம்புபவரே பசியில் மயங்கிவிடுவார்; இரண்டும் நின்றுபோகும். விர்ச்சுவல்பாக்ஸில் நினைவக அளவைக் குறிக்கும் கோட்டில் பச்சையும் சிவப்பும் தீட்டியிருப்பார்கள். பச்சைக்குள் நிற்பது நலம். கணினியில் 4 ஜிபி மட்டுமே இருந்தால் இம்முயற்சியில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். இறங்கினால் லினக்ஸ் ஆமை வேகத்தில் ஊரும். "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்ற தவறான தீர்ப்போடு பிள்ளை எழுந்து போய்விடும். அத்தகைய கணினிக்கு வேறு வழி உண்டு; பின்னர் சொல்கிறேன்.

ஆமை என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் விளிம்பில் சில வேளைகளில் மெய்யாகவே ஒரு சிறு ஆமைப் படம் தோன்றும். செயலியிலுள்ள மெய்நிகராக்க வசதியை விண்டோஸே ஹைப்பர்-வி என்ற தன் பகுதிக்காக முன்பே கைப்பற்றி வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். விருந்தாளி ஓடுவார், ஆனால் மெதுவாக. இதற்கு நேர்மாறாக, அந்த வசதி கணினியின் பயாஸ் அமைப்பிலேயே அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது விருந்தாளி எழுந்திருக்கவே மாட்டார். கணினியைத் தொடங்கும்போதே பயாஸுக்குள் சென்று 'விர்ச்சுவலைசேஷன்' என்ற சொல் வரும் இடத்தில் அதை இயக்கிவிட வேண்டும். விண்டோஸ் 64 பிட் வகையாகவும் இருக்க வேண்டும்.

எந்த லினக்ஸைப் போடுவது? லினக்ஸ் என்பது ஒரே பொருளன்று. ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது இயங்குதளத்தின் கருப்பகுதியை மட்டுமே. அதனோடு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளையும் பிற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் பலர். அப்படிக் கட்டித் தருவதை 'வழங்கல்' என்கிறோம். 1993இல் தொடங்கிய டெபியன் அவற்றுள் மூத்த ஒன்று. அதன் வழியில் உபுண்டு, உபுண்டுவின் வழியில் லினக்ஸ் மின்ட். விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட் அந்நியமாகத் தோன்றாது. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்புடைய பதிப்பு பழைய கணினிக்கு இசைவானது. ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக அதன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். விருந்தாளியின் வன்தட்டுக்கு 25 அல்லது 30 ஜிபி ஒதுக்கினால் போதும். அத்தனையும் உடனே நிரம்பிவிடாது. தேவைக்கேற்ப அக்கோப்பு வளரும். ஆனால் ஒருமுறை வளர்ந்தது தானாகச் சுருங்காது.

இனி, தந்தையர் அஞ்சும் அந்த இடத்திற்கு வருவோம். நிறுவல் நடந்துகொண்டிருக்கையில் திரையில் ஒரு வாசகம் தோன்றும். 'வட்டை அழித்துவிட்டு லினக்ஸ் மின்டை நிறுவு' என்பது அதன் பொருள். இவ்வாறு செய்தால் எல்லாக் கோப்புகளும் நீக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதனருகே இருக்கும். பக்கத்தில் நிற்கும் எந்தத் தந்தைக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். இங்கே அழியப்போவது மேலே சொன்ன அந்த வெற்றுக் கோப்பின் உள்ளிடம் மட்டுமே. விருந்தாளிக்கு வேறு வட்டு எதுவும் கண்ணில் படாது. ஐயம் இருப்பவர்கள் அளவைப் பார்க்கட்டும். திரை காட்டும் வட்டு, நாம் ஒதுக்கிய 25 ஜிபியை ஒட்டிய அளவாக இருக்கும். 'விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்' என்ற பெயரும் தென்படும். வீட்டுக் கணினியின் வட்டோ 500 ஜிபி, 1000 ஜிபி என்றிருக்கும். பெயரும் அளவும் பொருந்தினால் துணிந்து அழுத்தலாம்.

இதே வாசகம் மெய்நிகர் இயந்திரத்திற்கு வெளியே, பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கும்போது வருமானால், அப்போது அழியப்போவது நான்கு வருடக் கணக்கேதான். சொல் ஒன்று, இடம் வேறு. வீடியோவைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள், ஒன்றில் பார்த்ததை மற்றொன்றில் அப்படியே செய்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைப் பெற்றோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

நிறுவி முடித்ததும் சிறு தொல்லைகள் சில வரும். சுட்டி அந்த ஜன்னலுக்குள் அகப்பட்டு வெளியே வர மறுத்தால், விசைப்பலகையின் வலப்புறக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்தினால் விடுபடும். விருந்தாளியை மூடும்போது மூன்று வழிகளைக் காட்டிக் கேட்கும். இருந்த நிலையிலேயே உறங்க வைப்பது ஒன்று, முறையாக அணையச் சொல்வது மற்றொன்று, மின்கம்பியைப் பிடுங்குவது போன்றது மூன்றாவது. மூன்றாவதைத் தவிர்க்க வேண்டும். மின்வெட்டு வரும் வீடுகளில், மின்காப்புக் கருவி இல்லாத மேசைக் கணினியில் அந்த மூன்றாவது நம்மைக் கேட்காமலே நடந்துவிடுவதுண்டு.

மெய்நிகர் இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் நிலைப்பதிவு. லினக்ஸ் நல்ல நிலையில் இருக்கும் ஒரு நேரத்தில் அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம். பிறகு மாணவி முனையத்தைத் திறந்து எந்தக் கட்டளையை வேண்டுமானாலும் கொடுத்துப் பார்க்கலாம். முக்கியமான ஒரு கோப்புறையை நீக்கி, இயங்குதளமே எழாமல் போனாலும், பதிவு செய்த நிலைக்குத் திரும்பச் சில நிமிடங்கள் போதும். பள்ளிகளில் கணினி அறையின் வாசலில் 'தொடாதே' என்று எழுதி வைத்தே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம். தொட்டு, கெடுத்து, திருத்திப் பார்க்காமல் எந்தத் தொழில்தான் வசப்படும்? ஆனால் நிலைப்பதிவைப் பாதுகாப்பு நகல் என்று எண்ணிவிடலாகாது. அதுவும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதானால் வீடும் போகும், விருந்தாளியும் போவார்.

சுவரில் ஒரு கதவும் உண்டு. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு கோப்புறையை அமைத்துக்கொள்ளும் வசதி அது. பாடக் கோப்புகளைப் பரிமாறப் பயன்படும். கதவு திறந்திருக்கும் அறையில் நிகழும் தவறு இரு பக்கமும் நிகழும். ஆகவே அதற்கென வெறுமையான ஒரு புதிய கோப்புறையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கணக்குகள் இருக்கும் கோப்புறையை ஒருபோதும் அதற்குத் தரலாகாது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பல வீடுகளுக்குள் ஏற்கெனவே ஒருமுறை வந்து, அறிமுகமின்றியே திரும்பிப் போனது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவரும் வழங்கல் அது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளுக்கென உருவானது. கணினியைத் திறக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அந்தக் கேள்வியே தொல்லை என்று கருதி, முதல் வேலையாக பாஸை அழிக்கச் சொன்ன வீடுகளை நான் அறிவேன். பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் கற்பித்தார்கள். நாம் பொருளைக் கொடுத்தோம்; கற்பிப்பதை மறந்தோம்.

தமிழைப் பற்றிய கவலை வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பில் தமிழ் எழுதலாம்; அதன் பட்டியல்களையே தமிழில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' என்ற மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழிலேயே தந்துவருகிறது. நம் ஊரிலும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் ஆர்வலர்கள் கூடிப் பேசுகிறார்கள். கேட்கக் கூசாத பிள்ளைக்கு வழிகாட்ட ஆளுண்டு.

நம் இல்லங்களில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்றும் இங்கே இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய விண்டோஸையும் பிற மென்பொருள்களையும் உரிமமின்றிப் போட்டுத் தருவது கடைத்தெருவில் வழக்கமாகிவிட்டது. வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. எடையில் ஒரு கிராம் குறைந்தால் ஹராம் என்று அஞ்சும் வியாபாரி, தன் மேசைமேல் இருப்பதன் கதி என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. லினக்ஸில் இந்தச் சங்கடம் இல்லை. நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் அதன் உரிமமே அனுமதி தருகிறது.

முஸ்லிம் இல்லங்களை முன்னிட்டே ஒரு வழங்கல் உருவானதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 2007இல் 'உபுண்டு முஸ்லிம் பதிப்பு' என்று தொடங்கிப் பின்னர் 'ஸபீலி', அதாவது 'என் பாதை', என்று பெயர் பெற்றது. தொழுகை நேரம் காட்டும் கருவியும், குர்ஆனை ஓதவும் தேடவும் உதவும் 'ஸிக்ர்' என்ற மென்பொருளும் அதில் சேர்ந்தே வந்தன. 2011க்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்ட அதை வீட்டுக் கணினியில் நேரடியாக நிறுவுவது தகாது. ஆவல் உள்ளவர்கள் மெய்நிகர் இயந்திரத்தில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பார்க்கலாம். பழையதைத் தீங்கின்றிப் பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாணவிக்கு மெய்நிகர் இயந்திரமே படிப்பு முடியும்வரை போதும். விண்டோஸ் 10க்கு மாற்றாக லினக்ஸையே வீட்டில் குடியேற்ற நினைக்கும் குடும்பமோ இதிலேயே நின்றுவிட முடியாது. முதல் தடை கணக்கு மென்பொருள். கடைகளில் பரவலாக உள்ள டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதைச் சார்ந்திருக்கும் கடை, லினக்ஸை விருந்தோம்புபவராக்கி விண்டோஸை உள்ளே விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம். அந்த விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். கணினியோடு வந்த பழைய உரிமம் அதற்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜக்கார்டு பேட்டு வரையும் மென்பொருள் வைத்திருப்போரும், அதை எழுதியவரிடம் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது தடை பலர் கண்ணில் படாதது. மெய்நிகர் இயந்திரத்திற்குள் லினக்ஸ் பார்ப்பது கற்பனை உறுப்புகளை. நம் கணினியின் உண்மையான வைஃபை அட்டையையோ ஒலி அட்டையையோ அது சந்திப்பதே இல்லை. உள்ளே எல்லாம் நன்றாக ஓடியது என்பதால் வெளியேயும் ஓடும் என்று சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் பென்டிரைவ் வழி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு லினக்ஸ் கோப்பை எழுதிக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் முழுத் திரையில் வரும். 4 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள கணினிக்கு நான் சொன்ன மாற்று வழியும் இதுவே. மேசைமேல் இருக்கும் 'நிறுவு' என்ற சின்னத்தை மட்டும் தொடாமல், வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி ஒரு பக்கம் அச்சிடுகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று இசையாவிட்டால் கணினியை முறையாக அணைத்து, பென்டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால், விண்டோஸ் பழைய கணக்குகளோடு வந்து நிற்கும்.